கேமராவை எந்த உயரத்தில் வைப்பது?

(திருக்கடையூரில் இளைஞர்களுக்காக நடந்த இரண்டு நாள் செல்போன் திரைப்படப் பயிற்சியின் நிறைவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு நாளாக நீங்கள் எடுத்த படங்களை இப்போதுதான் அந்தச் சுவரில் போட்டுப் பார்த்தோம். கை தட்டினோம், சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தோம், ஒரு இடத்தில் பாட்டிமார்கள் அழுதார்கள். முடித்து வைத்துப் பேசும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் சினிமாக்காரன் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் அறுபதாம் கல்யாணம் பிடிக்கிற வீடியோக்காரன். அதற்கு முன்னால் மூன்று வருடம் வீடியோவுக்கு லைட் பிடித்த பையன். ஆகவே சினிமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் லைட்டுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டதுதான்.

நம்ம ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனைச் சிவன் காலால் உதைத்த இடம் என்பது தலபுராணம். அதனால் ஆயுள் நீள வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அறுபது முடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று வேன் வேனாக வந்து இறங்குவார்கள். முகூர்த்த நாளில் ஒரே தெருவில் எத்தனை மாலை, எத்தனை குடம், எத்தனை ஜோடி! ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது ஒரு கேமரா. முன்பு கேசட்டும் ஹாலோஜன் லைட்டும். இப்போது கிம்பல், கேண்டிட், மண்டபத்துக்கு வெளியே டிரோன். இந்தச் சின்ன ஊரில் புழங்குகிற கேமராக்களை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ஸ்டூடியோவே நடத்தலாம்.

அந்தத் தொழிலில் எனக்குச் சோறு கிடைத்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வயதான அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு விழா எடுக்கிறார்கள், அதை நான் படம் பிடிக்கிறேன். நல்ல காரியம்தானே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா ஐம்பத்தெட்டு வயதில் இறந்து போனார். நாற்பது வருடம் நடவு நட்ட அம்மா. எமனை உதைத்த ஊரில் இருந்தும் அறுபதை எட்டவில்லை. மறுநாள் கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்கப் படம் கேட்டார்கள். வீட்டில் தேடினேன். அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. ஆயிரம் பேரின் அறுபதாம் கல்யாணத்தைப் பிடித்த என்னிடம் என் அம்மா படம் இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினோம். மூக்கும் வாயும் கலங்கிப்போய், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி. அதுதான் எங்கள் தெருமுனையில் நின்றது. அம்மாவை அரசாங்கம் எடுத்த ஒரே படம், அம்மாவை யாரும் எடுத்த ஒரே படம், அதுவே.

ஏன் இல்லை? காசு இல்லாததால் என்று முதலில் நினைத்தேன். அது பொய். வீட்டில் கேமரா இருந்தது. அம்மாவைப் படம் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். படம் பிடிக்கத் தகுந்தவர்கள் என்று ஒரு கூட்டம், லைட் பிடிக்கத் தகுந்தவர்கள் என்று ஒரு கூட்டம் என்பது என் மண்டைக்குள்ளேயே இருந்தது. அந்தப் பிரிவு கேமராவில் வருவதில்லை தோழர்களே, சாதியில் வருகிறது. நான் இன்றைக்குப் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

நம் பகுதிக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு உண்டு. எம்.கே. தியாகராஜ பாகவதர் 1910 இல் மாயவரத்தில் பிறந்தவர். 1964 இல் கலைஞர் வசனத்தில் ‘பூம்புகார்’ வந்தது. 1980 இல் மாயவரத்துக்காரரான டி. ராஜேந்தர் எழுதி இசையமைத்த ‘ஒரு தலை ராகம்’ வந்தது. அது ஸ்டூடியோவுக்குள் எடுத்த படமல்ல. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயிலிலும் எடுத்தார்கள். புதுமுகங்களை வைத்து எடுத்த அந்தப் படம் தமிழ்நாடு முழுக்க ஓடியது. நம்ம ஊர் வழியாகப் போன அந்த ரயில் எண்பதுகளில் நின்றுவிட்டது. இன்றைக்கு அந்த ரயிலைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும். உள்ளூரில் எடுத்த படத்தின் பலம் இதுதான். ஊர் மறந்ததைப் படம் வைத்திருக்கும்.

ஆனால் அந்த ரயிலில் கல்லூரிக்குப் போனவர்கள் யார்? 1980 இல் என் தெருவிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. ரயில் போகும்போது எங்கள் ஆட்கள் வயலில் நின்றார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் பச்சை வயல் தெரியும். வயலில் குனிந்திருப்பவர்கள் பச்சையோடு பச்சையாகப் போய்விடுவார்கள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 1968 ஜூலையில் ‘தில்லானா மோகனாம்பாள்’ வெளியானது. தஞ்சை மண்ணின் நாதஸ்வரத்தையும் நாட்டியத்தையும் கொண்டாடிய படம். நானே பத்துத் தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் பார்ப்பேன். அதே 1968 இல், டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலி உயர்வு கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே தஞ்சை மாவட்டம். ஒரு தஞ்சாவூர் திரையில் கலரில் வந்தது. இன்னொரு தஞ்சாவூர் எரிந்தபோது அங்கே கேமரா இல்லை.

பிறகு கேமரா வந்தது. வெண்மணியைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலை வைத்து ஸ்ரீதர் ராஜன் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ எடுத்தார். 1983 இல் வந்தது. அந்த நாவல் மீது ஒரு விமர்சனம் அன்றே எழுந்தது. எரிந்தவர்களின் கூலிப் போராட்டத்தை விட எரித்த மிராசுதாரின் ஆண்மைக் குறையும் மனக்கோளாறும் பெரிதாகிவிட்டது என்பதே அது. வெண்மணியில் உயிர் பிழைத்தவர்கள் கேமராவைப் பார்த்து விரிவாகப் பேசிய ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தைப் பாரதி கிருஷ்ணகுமார் 2005 இல் எடுத்தார். முப்பத்தேழு வருடம். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் எத்தனை பேர் அதற்குள் செத்துப் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி ஒரு முக்கியமான விஷயம் சொல்லியிருக்கிறார். தமிழர்கள் எல்லாச் சாதியும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை. அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட் காசு. தரை, பெஞ்சு, சேர் என்று இருந்தது உண்மைதான். ஆனால் நாலணா வைத்திருந்தால் யாரும் சேரில் உட்காரலாம். கோயிலிலும் டீக்கடையிலும் இல்லாதது டூரிங் டாக்கீஸில் கிடைத்தது. நம் தாத்தாக்கள் சினிமாவை விழுந்து விழுந்து பார்த்ததற்கு அது ஒரு காரணம். திரைக்கு முன்னால் இருந்த தரையில் இடம் கிடைத்துவிட்டது. திரைக்குள்ளே இடம் கிடைக்கத்தான் இத்தனை வருடம்.

இப்போது நம் பக்கத்து ஊருக்கு வருகிறேன். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் திருநாள்கொண்டச்சேரி. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். 2016 ஜனவரியில் அங்கே நூறு வயதைத் தொட்ட ஒரு தலித் முதியவர் இறந்தார். உடலைப் பொதுத் தெரு வழியாக எடுத்துப் போகக் கூடாது, வயலுக்குள் இறங்கிப் போ என்றார்கள். குடும்பம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பொதுப் பாதையில் கொண்டு போகலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் நடந்தது என்ன? காவல்துறையே உடலைக் கைப்பற்றி, வேறு வழியில் எடுத்துப் போய்ப் புதைத்தது. பாதுகாப்புக் கொடுக்க வேண்டியவர்களே பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நூறு வயது! நம்ம ஊரில் எண்பதுக்கே யானையும் குடையும் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அங்கே நூறு வயது வாழ்ந்த மனிதருக்குக் கடைசியாக நடக்க ஒரு தெரு இல்லை.

அந்தக் கொடுமையைத்தான் அம்ஷன் குமார் ‘மனுசங்கடா’ என்று படமாக்கினார். இன்குலாப் பாடலின் பெயரைத் தலைப்பாக வைத்தார். 2017 இல் கோவா திரைப்பட விழாவுக்கும் கெய்ரோ திரைப்பட விழாவுக்கும் போய், 2018 அக்டோபரில் தியேட்டருக்கு வந்தது. பெரிய நடிகர் இல்லை, சண்டை இல்லை. ஒரு மகன் தன் அப்பாவின் உடலோடு நிற்கிறான், அவ்வளவுதான் கதை. நம் மண்ணில் நடந்தது எகிப்து வரைக்கும் போனது. ஆனால் நம் பக்கத்துக் கொட்டகைகளில் எத்தனை நாள் ஓடியது என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கிறது. அதே 2018 இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது, ‘காலா’ வந்தது. அவை நிறையப் பேரைச் சென்று சேர்ந்தன. பா. இரஞ்சித்தும் மாரி செல்வராஜும் திரைக்குள்ளே நமக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம். ஆனால் இரண்டு மூன்று இயக்குநர்களிடம் நம் மொத்தக் கதையையும் ஒப்படைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு இருக்க முடியுமா?

இங்கேதான் உங்கள் செல்போன் வருகிறது.

தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கத்தில் பஸ்தாபூர் என்று ஒரு கிராமம். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்போடு சேர்ந்து உழைக்கிற தலித் பெண்கள், சிறு விவசாயிகள், பெரும்பாலும் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள், தொண்ணூறுகளில் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 2001 இல் தங்களுக்கென்று சமூக ஊடக அறக்கட்டளை ஒன்றையே அமைத்தார்கள். வாரங்கல் பக்கம் பி.டி. பருத்தி விதைத்த விவசாயிகளை மூன்று வருடம் விடாமல் பின்தொடர்ந்து படம் எடுத்தார்கள். 2008 இல் ரேடியோ நிலையமும் தொடங்கினார்கள். இதெல்லாம் பெரிய சாதனைதான். ஆனால் எனக்கு அதை விடப் பெரிதாகத் தோன்றுவது ஒரு சின்ன விஷயம்.

பயிற்சியில் அவர்களுக்கு ஷாட் வகைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஹை ஆங்கிள், லோ ஆங்கிள், ஐ லெவல். அந்த இங்கிலீஷ் பெயர் அவர்களுக்கு ஒட்டவில்லை. தாங்களாகவே பெயர் வைத்தார்கள். மேலேயிருந்து கீழே பார்க்கிற ஷாட்டுக்குப் ‘பட்டேல் ஷாட்’. பட்டேல் என்றால் அங்கே ஊர்ப் பெரிய நிலக்காரர். கீழேயிருந்து நிமிர்ந்து பார்க்கிற ஷாட்டுக்கு ‘அடிமை ஷாட்’. ஒருவருக்கொருவர் சமமாகப் பார்க்கிற ஷாட்டுக்குச் ‘சங்கம் ஷாட்’. ஏனென்றால் அவர்கள் சங்கத்தில்தான் எல்லோரும் தரையில் வட்டமாக, ஒரே உயரத்தில் உட்காருவார்கள்.

இதைக் கேள்விப்பட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இருபது வருடமாக ட்ரைபாட் போடுகிறேன். ஆங்கிள் என்றால் அழகு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். லோ ஆங்கிளில் வைத்தால் ஆள் கம்பீரமாகத் தெரிவார் என்பார்கள். படத்தில் இருப்பவர் எப்படித் தெரிகிறார் என்றே நாங்கள் பார்த்தோம். பார்ப்பவர் யார், எங்கே நின்று பார்க்கிறார் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தே பழக்கப்பட்டவர்களுக்கு அந்த உயரம் என்னவென்று தெரியாதா?

நம் டெல்டாவுக்கு இதை அப்படியே கொண்டு வரலாம். மிராசுதார் ஷாட், பண்ணையாள் ஷாட், சங்க ஷாட். மிராசுதார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பண்ணையாள் வாசலில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிவது உச்சந்தலை. வாசலிலிருந்து பார்த்தால் தெரிவது கால். சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த காலம் அது. பி. சீனிவாசராவும் தோழர்களும் நாற்பதுகளில் இந்த மண்ணில் சங்கம் கட்டியபோது முதலில் மாற்றியது இந்த உயரத்தைத்தான். அடித்தால் திருப்பி அடி என்றதற்கு முன்னால், துண்டைத் தோளில் போடு, நிமிர்ந்து பார் என்றார்கள். 1952 இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்த நிமிர்ந்த பார்வைக்குப் பயந்துதான்.

நேற்று உங்களில் ஒரு தங்கை நடவைப் படம் எடுத்தார். முதல் தடவை எடுத்ததையும் இரண்டாம் தடவை எடுத்ததையும் எல்லோரும் பார்த்தோம். முதல் தடவை அவர் வரப்பில் நின்றார். படம் அழகாக இருந்தது. பச்சை நாற்று, வரிசையாகக் குனிந்த முதுகுகள், கலர் கலராகச் சேலை. காலண்டரில் போடலாம். ஆனால் ஒரு முகம் தெரியவில்லை. நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “நடவு நடக்கும்போது வரப்பில் யாரும்மா நிற்பார்?” அவர் சட்டென்று சொன்னார், “காரியக்காரர்.” அவ்வளவுதான், புரிந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். போனை முழங்காலுக்குக் கீழே பிடித்தார். முகங்கள் வந்தன. வெற்றிலை மெல்லுகிற வாய், நெற்றி வியர்வையை முழங்கையால் துடைக்கிற ஒரு அக்கா, கேமராவைப் பார்த்து “என்னடி, எங்களப் போயி படம் புடிக்கிற?” என்று சிரிக்கிற பெரியம்மா. அந்தச் சிரிப்பு வந்தபோதுதான் இந்தச் சுவருக்கு முன்னால் எல்லோரும் கை தட்டினோம்.

ஆக, சம உயரம் என்பது ஐந்தடி என்று அளந்து வைப்பதல்ல. குனிந்திருப்பவரோடு பேச வேண்டுமென்றால் நீங்களும் குனிய வேண்டும். அவர் கண் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் கேமரா இருக்க வேண்டும்.

இப்போது நம் பக்கத்துக் குறைகளையும் பேசுவோம். ஊரில் இன்றைக்குப் படம் எடுக்காதவர்கள் யார்? திருவிழா வந்தால் சாதிப் பெருமை ரீல்ஸ் வந்துவிடுகிறது. சாதிக்கொடி, ஸ்லோ மோஷனில் நடை, கையில் அரிவாள், பின்னணியில் தொண்ணூறுகளின் நாட்டாமைப் படப் பாட்டு. பதினாறு வயதுப் பையன்கள் எடுக்கிறார்கள். அதுவும் உள்ளூர்ச் சினிமாதான், அதை மறக்காதீர்கள். திரையில் பார்த்த மீசையைத்தான் அவன் முகத்தில் வைத்துக்கொள்கிறான். அதைப் பார்த்து நம் பையன்களுக்கும் கை அரிக்கிறது. அதே ஸ்லோ மோஷன், அதே நடை, கொடி மட்டும் வேறு. நீங்கள் எடுத்த பன்னிரண்டு படத்தில் மூன்றில் இதைப் பார்த்தேன். தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கதாநாயகனுக்கு லோ ஆங்கிள் வைத்திருந்தீர்கள். பார்க்கிற எங்களை அவனுக்குக் கீழே நிற்க வைத்தீர்கள். மிராசுதாரை இறக்கிவிட்டு அதே திண்ணையில் நம் ஆள் ஒருவரை ஏற்றுவதற்கா இத்தனை பாடு?

இன்னொன்று. பன்னிரண்டில் ஏழு படத்தில் அம்மா வருகிறார். ஏழிலும் அழுகிறார். நம் அம்மாக்களுக்கு வேறு வேலையே இல்லையா? சுய உதவிக் குழுவில் கணக்குப் பார்க்கிற அம்மா, நூறு நாள் வேலையில் மேற்பார்வையாளரோடு சண்டை போடுகிற அம்மா, சீட்டுப் பிடிக்கிற அம்மா, சீரியல் பார்த்து வில்லியைத் திட்டுகிற அம்மா எங்கே? சுடுகாட்டில் குழி வெட்டுகிறவரும், பறையடிக்கிறவரும், சாக்கடை அள்ளுகிறவரும் ஒரு படத்திலும் இல்லை. நம் தெருவுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் எந்த உயரத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதையும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

சோகத்தை மட்டுமே எடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மகாராஷ்டிராவில் மாலேகாவ் என்று விசைத்தறி ஊர். பெரும்பாலும் உழைக்கிற முஸ்லிம்கள். வீடியோ பார்லர் வைத்திருந்த நாசிர் ஷேக் என்பவர், கல்யாண வீடியோ எடுக்கிற கேமராவை வைத்து 2000 இல் ‘ஷோலே’ படத்தைக் கேலி செய்து ‘மாலேகாவ் கே ஷோலே’ எடுத்தார். தறி ஓட்டுகிறவர்கள்தான் நடிகர்கள். ஊரே திரண்டு பார்த்தது. அவர்களைப் பற்றி ஆவணப்படம் வந்தது, பிறகு இந்தியில் முழுநீளப் படமே வந்தது. அதே மகாராஷ்டிராவில் நாகராஜ் மஞ்சுளே சோலாப்பூர் மாவட்டக் கிராமத்திலிருந்து வந்த தலித். தன் கர்மாளா பகுதியிலேயே ‘சைராட்’ எடுத்தார், 2016 இல் இந்தியா முழுக்க ஆடியது. ஊரை விட்டுப் போனால்தான் சினிமா என்பது பழைய பேச்சு.

கல்யாண வீடியோக் கேமராவை வைத்து மாலேகாவ்காரர் படம் எடுத்திருக்கிறார். நம்ம ஊரில் எத்தனை கல்யாண வீடியோக் கேமரா இருக்கிறது! என் கேமராக்கள் இரண்டும், என் எடிட்டிங் சிஸ்டமும் முகூர்த்தம் இல்லாத மார்கழி, ஆடியில் சும்மாதான் இருக்கும். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விளையாட்டில்லாத வேலையும் ஒன்று இருக்கிறது. சேரிக்குக் கேமரா எப்போது வருகிறது? குடிசை எரிந்தால் வருகிறது, பிணம் விழுந்தால் வருகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றதையும் கௌசல்யாவை வெட்டியதையும் உலகம் பார்த்தது ஒரு கண்காணிப்பு கேமராவால். அந்தப் பதிவு வழக்குக்கு உதவியது. ஆனால் உயரத்தில் மாட்டிய அந்தக் கேமராவுக்குச் சங்கர் யாரென்று தெரியாது. வெட்டு விழுகிற உடலாக மட்டுமே நம்மை அதற்குத் தெரியும். நம்மை உயிரோடு எடுத்து வைக்கிற கேமரா நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

சட்டமும் கேமராவைக் கேட்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் கொண்டு வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த 15ஏ பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இது உரிமை. கேட்டு வாங்குங்கள். நீங்கள் எடுத்த பதிவு சாட்சியம் ஆக வேண்டும் என்றால் மூலப் பதிவை அழிக்காதீர்கள், எடுத்த போனை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதிவு சுருங்கிவிடும், தேதி நேர விவரமும் போய்விடும். நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின், குழந்தையின் முகத்தை, பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது. சூடாகப் போட்டு ஆயிரம் லைக் வாங்குவதை விட, வழக்கறிஞர் கையில் பத்திரமாகக் கொடுப்பது முக்கியம்.

ஆபத்து இல்லை என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். மலக்குழிச் சாவுகளைப் பற்றித் திவ்யபாரதி 2017 இல் ‘கக்கூஸ்’ எடுத்தபோது திரையிடலுக்கே காவல்துறை பல இடங்களில் தடை போட்டது. அவர் யூடியூபில் வெளியிட்டார், அவர் மீது வழக்குகள் பாய்ந்தன. ஆகவே தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள். கேமரா பிடிக்கிறவரோடு எப்போதும் இரண்டு பேர் இருங்கள். பெண்கள் கேமரா எடுத்துத் தெருவில் நின்றால் பேச்சு வரும் என்று காலையில் ஒரு தங்கை சொன்னார். வரும். அதற்கும் சேர்ந்து போவதுதான் மருந்து. பஸ்தாபூர்ப் பெண்கள் சங்கமாக இருந்ததால்தான் சங்கம் ஷாட் எடுக்க முடிந்தது.

நமக்கு இது புதிதும் அல்ல. 1893 இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினார். 1907 இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920 இல் பாபாசாகேப் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினார். மற்றவர்கள் பத்திரிகையில் நமக்குக் கால் பத்தி கொடுப்பார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அன்றைக்கு அச்சு இயந்திரம் வாங்கக் கடன்பட வேண்டும். இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் கேமரா இருக்கிறது.

முடிக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் அன்றைய நாகை மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். நம் மயிலாடுதுறை அப்போது அதில்தான் இருந்தது. அந்த 31 பேரில் உங்கள் தெருவில் வயதான ஒருவரை எடுங்கள். உங்கள் பாட்டியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுத் தாத்தாவாக இருக்கலாம். அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். யார் பண்ணையில் வேலை செய்தார், என்ன கூலி, படியில் அளந்தார்களா பணமாகக் கொடுத்தார்களா, முதல் சினிமா எங்கே பார்த்தார், யாரிடம் எதிர்த்துப் பேசினார், எதற்குச் சிரிப்பார் என்று கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள். காற்றுச் சத்தம் இல்லாத இடமாக உட்காருங்கள். அவர் பாயில் உட்கார்ந்தால் நீங்களும் பாயில் உட்காருங்கள். எடுத்ததை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்ற இடத்தை வெட்டிவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். ஏப்ரல் 14 அன்று இதே சுவரில் எல்லாவற்றையும் திரையிடுவோம். ஊர்த் தெருவில் இருந்தும் கூப்பிடுவோம். வருகிறவர்கள் நம்மோடு பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உங்கள் தெருவில் இனி யார் இறந்தாலும், வாக்காளர் அட்டையைத் தேடி யாரும் பெட்டியைக் கிளறக் கூடாது. எனக்கு அது போதும்.